திருக்கோட்டியூர் வந்த அடியார்களுக்கு ஒரு விண்ணப்பம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மாசித் தெப்பத்தைச் ஸேவிக்கும் ஆவலோடு திருக்கோட்டியூரில் வந்து கூடியிருக்கும் பாகவதர்களின் திருவடிகளில் அடியேன் தெண்டனிட்டுச் செய்யும் விண்ணப்பம் இது. உத்ஸவ காலத்தில் இவ்வூரையும் இதனைச் சூழ்ந்துள்ள பழம்பெரும் இடங்களையும் கண்டு செல்ல வேண்டும் என்று பலரும் விரும்புகின்றனர். விருப்பம் நல்லதே. ஆனால், எதைக் காண்பது என்று அறிந்தவர்க்கும், எப்படிக் காண்பது என்பது எளிதில் கைவருவதில்லை. அதனை அடியேன் ஒரு பிழையின் வாயிலாகவே கற்றுக்கொண்டேன். அந்தப் பிழையையும் மறையாமல் சொல்லிவிடுகிறேன்.

திருப்பத்தூரிலிருந்து சிவகங்கைக்குச் செல்லும் சாலையில் தெற்கே சுமார் 8 கிலோமீட்டர் வந்தால் இத்திருப்பதி. கண்மாயும் வயலும் சூழ்ந்த சிற்றூர். விழா நாட்களில் இலட்சக்கணக்கில் ஜனங்கள் திரளுவர். விழா முடிந்தால் வீதியில் நாலு பேரைக் காண்பது அரிது. ஆயினும் பூதத்தாழ்வார், பேயாழ்வார், திருமழிசையாழ்வார், பெரியாழ்வார், திருமங்கையாழ்வார் ஆகிய ஐவர் இவ்வூரைப் பாடியருளினர். பெரியாழ்வார் கண்ணனுடைய திருவவதாரத்தை அநுபவிக்கத் தொடங்கும்போது ஆயர்பாடியைத் தேடிச் செல்லவில்லை; திருக்கோட்டியூர்க் கண்ணனே பிறந்தான் என்று தொடங்குகிறார். அவரைப் பாண்டியன் சபைக்கு அழைப்பித்த செல்வநம்பிக்கும் இவ்வூரே உரியது.

ஊரின் பெயரைச் சற்றே சிந்தியுங்கள். இரணியனுடைய கொடுமைக்கு அஞ்சிய தேவர்களும் ரிஷிகளும், அவன் புக முடியாத இடம் எது என்று தேடி, கதம்ப மஹரிஷி தவம் புரிந்த இவ்விடத்தில் கோஷ்டியாகக் கூடி ஆலோசித்தனர் என்பது ஸ்தல புராணம். கோஷ்டி கூடிய ஊர் கோட்டியூராயிற்று. தமிழிலும் கோட்டி என்றால் கூட்டம், சபை என்றே பொருள். தனியே ஒருவன் வந்து ஒளிந்துகொண்ட ஊரன்று இது. அஞ்சினவர் அனைவரும் ஒன்றுகூடிய ஊர். இதனை மனத்தில் வைத்துக்கொண்டு கோயிலுக்குள் புகுவோம்.

கோயிலின் முன்புறத்திலேயே சிவலிங்கத் திருமேனி ஒன்று நம்மை எதிர்கொள்கிறது. புரூரவ சக்ரவர்த்தியோடு அதனைத் தொடர்புபடுத்திச் சொல்லுவர். உள்ளே சென்றால் அஷ்டாங்க விமானம். கீழ்நிலையில் நர்த்தன கிருஷ்ணன். அதற்கு மேல் அரவணையில் பள்ளிகொண்ட உரகமெல்லணையான். அதற்கும் மேல் நின்ற திருக்கோலத்தில் உபேந்திரன். உச்சி நிலையில் வீற்றிருந்த திருக்கோலத்தில் பரமபதநாதன். ஆடியும், கிடந்தும், நின்றும், இருந்தும் ஒரே எம்பெருமான் தன்னை அடுக்கடுக்காகக் காட்டித் தருகிறான். திருமாமகள் நாச்சியார் தனிக்கோயிலில் எழுந்தருளியிருக்கிறாள். உத்ஸவரான ஸௌம்யநாராயணனின் திருமேனி வெள்ளியாலாயது. இந்திரன் ஆராதித்துத் தந்தது என்பது ஐதிகம். தெற்கிலும் வடக்கிலுமாகத் தெக்காழ்வான், வடக்காழ்வான் என்னும் திருநாமங்களோடு நரசிம்மப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். இரணியனை முடிப்பதற்காகக் கூடிய கோஷ்டி அல்லவா? ஆகவே நரசிம்மன் இங்கே இரு பக்கமும் காவல் இருக்கிறான்.

இவ்வளவு பெருமைகள் இருந்தும், திருக்கோட்டியூர் என்றவுடனே உலகம் நினைப்பது ஒரே ஒரு நிகழ்ச்சியைத்தான். ஆளவந்தார் தம்முடைய சிஷ்யர்களிடத்தில் ஸம்பிரதாயச் செல்வத்தைப் பகுத்து வைத்தார். ரஹஸ்யார்த்தங்கள் திருக்கோட்டியூர் நம்பியிடம் இருந்தன. அவற்றைக் கேட்பதற்காக எம்பெருமானார் திருவரங்கத்திலிருந்து இவ்வூருக்குப் பதினெட்டு முறை நடந்தார் என்று குருபரம்பரை பேசுகிறது. திருவரங்கத்துக்கும் இவ்வூருக்கும் இடையே ஏறத்தாழ 100 கிலோமீட்டர். போக வரப் பதினெட்டு நடை என்றால் 3600 கிலோமீட்டர். இன்று நாம் ஒரு பொழுதில் பேருந்தில் கடக்கும் வழியை, அந்த மஹான் வெயிலிலும் மழையிலும் கால்நடையாகவே கடந்து வந்து, இன்னும் காலம் ஆகவில்லை என்ற ஒரு சொல்லைக் கேட்டுத் திரும்பினார். மீண்டும் வந்தார், மீண்டும் திரும்பினார்.

நம்பிக்குக் கருணை இல்லையோ என்று சிலர் கேட்பதுண்டு. அப்படியன்று. எளிதில் கிடைத்த பொருளை எளிதில் இழந்துவிடுவோம். கேட்பவனுடைய ஆர்த்தி முற்றவேண்டும் என்பதே நம்பியின் திருவுள்ளம். கடைசியில், தண்டும் பவித்திரமுமாகத் தனியே வரக்கடவீர் என்று நியமித்தருளினார். எம்பெருமானாரோ முதலியாண்டானையும் கூரத்தாழ்வானையும் உடன் அழைத்து வந்தார். தனியே வரச் சொன்னோமே என்று நம்பி வினவ, இவர்களே அடியேனுக்குத் தண்டும் பவித்திரமும் என்று விண்ணப்பம் செய்தார். திருமந்திரார்த்தத்தைக் கேட்பதற்கு முன்பே, தாம் தனித்துப் பெறுவது என்ற ஒன்று தமக்கு இல்லை என்பதை அவர் காட்டிவிட்டார்.

பிறகு நடந்ததை உலகம் அறியும். இதனை ஒருவர்க்கும் வெளியிடலாகாது என்று ஆணையிட்டே நம்பி உபதேசித்தருளினார். மறுநாள் எம்பெருமானார் உயர ஏறி நின்று, ஆசையுடையோர் அனைவரும் கேட்கும்படி அப்பொருளை வெளியிட்டார். தெக்காழ்வான் ஸந்நிதியில் கூடியிருந்தவர்களுக்கு உரைத்தார் என்று சொல்லும் பெரியோர்களும் உண்டு. இடம் எதுவாயினும் செயல் ஒன்றே. நம்பி சினந்து, ஆசார்யனுடைய ஆணையைக் கடந்தவனுக்குப் பலன் யாது என்று கேட்டார். நரகமே பலன், அடியேன் ஒருவன் அதனை அடைந்தாலும், இத்தனை ஆத்மாக்கள் உஜ்ஜீவிக்குமே என்று நினைத்தேன் என்பது மறுமொழி. நம்பி உருகித் தழுவிக்கொண்டு, எம்பெருமானாரே என்று அழைத்தார். அன்று முதல் நம் தரிசனமும் எம்பெருமானார் தரிசனம் ஆயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எம்பெருமானார் விதியைப் பழிக்கவில்லை. ஆசார்யன் சொன்னது தவறு என்று வாதாடவும் இல்லை. விதியைக் கடந்ததற்குரிய தண்டனையைத் தாம் ஏற்றுக்கொண்டார். பலனைப் பிறர்க்கு விட்டுவிட்டார். விதியை மீறுவது யார்க்கும் எளிது. மீறியதன் விலையைத் தாமே கொடுப்பதுதான் அரிது. அந்த விலையைக் கொடுக்கத் துணிந்தவருக்கே அந்தத் திருநாமம் வாய்த்தது.

இனி அடியேனுடைய பிழை. சில ஆண்டுகளுக்கு முன் இதே மாசி உத்ஸவத்திற்கு வந்திருந்தேன். ஒரே நாளில் இக்கோயில், திருப்பத்தூர், பிள்ளையார்பட்டி, திருமெய்யம் அனைத்தையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம். வாடகைக்கு வண்டி பேசி வெளியே நிறுத்தியிருந்தேன். விமானத்தின் குறுகிய படிகளில் ஏறி எல்லா நிலைகளிலும் ஸேவித்தேன். மேலே உடையவர் திருவுருவத்தையும், அங்கிருந்து நம்பியின் திருமாளிகை இருக்கும் வீதியையும் கண்டு கண்ணீர் மல்கினேன். அந்தக் கண்ணீர் அடியேனுக்கே பெருமையாக இருந்தது.

இறங்கி வரும்போது, நர்த்தன கிருஷ்ணன் ஸந்நிதியருகே தூணில் சாய்ந்து ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தாள். முழங்காலில் துணி சுற்றிக் கட்டியிருந்தது. கையில் அகல்விளக்கு ஒன்றை முந்தானையில் பொதிந்து வைத்திருந்தாள். அடியேனைக் கண்டதும் கைகூப்பி, "மேலே உக்காந்திருக்கிற பெருமாள் எப்படி இருக்காரு சாமி? மூணு வருஷமா ஏற முடியலை" என்று கேட்டாள்.

"சேவை நன்றாக ஆயிற்று அம்மா. வண்டி நிற்கிறது" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

அவள் கேட்டதற்கு அது விடையன்று. அடியேனுக்கு ஆன சேவையைப் பற்றி அவள் கேட்கவில்லை. பெருமாளைப் பற்றிக் கேட்டாள். அதுகூட அப்போது தோன்றவில்லை.

திருப்பத்தூரில் திருத்தளிநாதர் கோயில் அப்பராலும் ஸம்பந்தராலும் பாடப்பெற்றது. அவ்வூரிலேயே 1801-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் மருது ஸகோதரர்களைக் கும்பினியார் தூக்கிலிட்டனர். அவர்களுக்கு அங்கே நினைவிடம் அமைந்துள்ளது. அதற்கு நாலு மாதம் முன்பு, 1801-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாளிட்ட சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும், திருவரங்கம் பெரியகோயில் மதிலிலும் ஒட்டப்பெற்றது என்பது வரலாறு. அந்நியனை எதிர்த்து எல்லாச் சாதியாரும் எல்லா நாட்டாரும் ஒன்றுபட வேண்டும் என்பது அதன் கருத்து. திருவரங்கத்திலிருந்து ஒருவர் ஒரு சொல்லைப் பெற இச்சீமைக்கு நடந்தார். இச்சீமையிலிருந்து ஒரு சொல் திருவரங்கத்து மதிலுக்குச் சென்றது. முன்னது ஆத்மாவின் விடுதலை பற்றியது, பின்னது நாட்டின் விடுதலை பற்றியது. இரண்டும் அனைவரையும் அழைத்தன. இரண்டிலும் அழைத்தவர் தம் நன்மையைப் பாராட்டவில்லை.

திருப்பத்தூருக்கு அணித்தாக மகிபாலன்பட்டி என்னும் ஊர் உள்ளது. புறநானூற்றின் 192-ஆம் பாட்டைப் பாடிய கணியன் பூங்குன்றனாருடைய பூங்குன்றம் அதுவே என்பர். ஊர் என்றும் உறவு என்றும் மனிதன் கட்டிக்கொள்ளும் வேலிகளை அப்பாட்டு எடுத்தெறிந்துவிட்டது. கோட்டியூரும் பூங்குன்றமும் அருகருகே அமைந்ததை எண்ணினால் இம்மண்ணின் இயல்பு விளங்கும். பிள்ளையார்பட்டிக் குடைவரையில், பாறையோடு பாறையாக வீற்றிருக்கும் கற்பக விநாயகரையும், பெருந்தச்சன் என்னும் சொல்லோடு கூடிய பழைய கல்லெழுத்தையும் காணலாம். மன்னர் பெயரே கல்லில் ஏறிய காலத்தில் உளி பிடித்தவன் பெயரும் ஏறியிருக்கிறது.

இவற்றையெல்லாம் அன்று அடியேன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பார்த்தேன். பிற்பகலில் திருமெய்யம் சேர்ந்தேன். பாண்டிநாட்டுத் திருப்பதிகள் பதினெட்டில் அதுவும் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடியருளியது. குன்றின்மேல் காணும் கோட்டை 1687-இல் சேதுபதி மன்னர் காலத்தில் எழுந்ததென்பர். குன்றின் தென்சரிவில் ஸத்யகிரீசுவரர் குடைவரையும் திருமெய்யர் குடைவரையும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒரே பாறையில் குடைந்த இரு கோயில்கள். ஒரு காலத்தில் இரு ஸமயத்தாருக்கும் பெரும் வழக்கு மூண்டது. 1245-ஆம் ஆண்டில் ஹொய்சளத் தண்டநாயகன் அப்பண்ணன் இரு தரத்தாரையும் கூட்டி, வருவாயைப் பங்கிட்டு, இடையில் மதில் எழுப்பச் செய்து அவ்வழக்கைத் தீர்த்து வைத்தான் என்று கல்வெட்டால் அறிகிறோம். சண்டை தீர்ந்தது நன்றே. ஆயினும் பாறையை ஒன்றாகவே படைத்தவன் திருவுள்ளம் அந்த மதிலைக் கண்டு என்ன நினைத்திருக்கும்? திருக்கோட்டியூர் முகப்பில் காலையில் கண்ட சிவலிங்கத் திருமேனி அப்போது நினைவுக்கு வந்தது.

பின்பு பள்ளிகொண்ட திருமெய்யரைச் ஸேவித்தேன். மலைப்பாறையையே அரவணையாகவும் திருமேனியாகவும் செதுக்கிய கோலம். தென்னாட்டுக் குடைவரைகளில் இத்துணைப் பெரிய சயனத் திருக்கோலம் காண்பது அரிது. அர்ச்சகர் தீபத்தை உயர்த்திக் காட்டி ஸ்தல வரலாற்றைச் சொன்னார். எம்பெருமான் யோக நித்திரையில் இருந்தபோது மதுகைடபர் என்னும் அசுரர் வந்தனர். துயில் கலையலாகாதென்று ஆதிசேஷன் ஸ்வாமியைக் கேளாமலே விஷ ஜ்வாலையைக் கக்கி அவர்களை விரட்டிவிட்டான். விரட்டிய பின், நியமனம் பெறாமல் செய்துவிட்டோமே என்று அஞ்சிப் படங்களைச் சுருக்கிக்கொண்டான். கண்விழித்த எம்பெருமான் சினக்கவில்லை; நீ செய்தது நன்றே என்று புன்முறுவலோடு தேற்றியருளினான்.

அடியார்களே, அந்தத் தீப வெளிச்சத்தில் அடியேனுக்கு உடல் சிலிர்த்தது. ஆதிசேஷனுடைய அவதாரம் அன்றோ எம்பெருமானார்! திருமெய்யத்தில் கேளாமல் செய்துவிட்டு அஞ்சி நின்றவன், திருக்கோட்டியூரில் ஆணையைக் கடந்துவிட்டு ஆசார்யன் முன் கைகூப்பி நின்றான். அங்கே அவன் காத்தது ஸ்வாமியின் துயிலை. இங்கே அவன் காத்தது நம்மை. அங்கே கக்கியது விஷம். இங்கே சொரிந்தது அமுதம். அங்கே ஸ்வாமி புன்முறுவல் பூத்தான். இங்கே ஆசார்யன் தழுவிக்கொண்டான். இவ்விரு திருப்பதிகளும் ஒரே நாள் யாத்திரையில் அமைவது வெறும் வழி வசதியால் மட்டுமன்று என்று தோன்றியது.

இதனை உடனே யாரிடமாவது சொல்லவேண்டும் என்று நெஞ்சு துடித்தது. அந்தத் துடிப்பில்தான் அந்த மூதாட்டியின் முகம் எதிரே நின்றது. மேலே பெருமாள் எப்படி இருக்கிறார் என்று கேட்டாளே! ஏறியவர் ஏறாதவர்க்குச் சொன்ன கோயிலில் நின்றுகொண்டு, ஏறிய அடியேன் ஏற முடியாதவளுக்கு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேனே! உடையவருக்கோ ஆணை தடையாக நின்றது. சொன்னால் நரகம் என்று இருந்தது. அடியேனுக்கு என்ன தடை? வாசலில் நின்ற வாடகை வண்டி ஒன்றுதான்.

வண்டியைத் திருக்கோட்டியூருக்கே திருப்பச் சொன்னேன். வந்து சேர இருட்டிவிட்டது. நர்த்தன கிருஷ்ணன் ஸந்நிதியில் அவள் இல்லை. அங்கிருந்த கைங்கர்யபரரைக் கேட்டேன். ஊர்க்காரர்களோடு தெப்பக்குளத்துக்குப் போயிருப்பாள் என்றார். தெப்பக்குளக் கரைக்கு ஓடினேன். அங்கே கண்ட காட்சியை இன்று நீங்களும் காணப்போகிறீர்கள். கரை முழுவதும் ஆயிரமாயிரம் அகல்விளக்குகள். ஒவ்வொரு விளக்கின் பின்னும் ஒரு பெண்ணின் முகம். இங்கிருந்து ஒரு விளக்கை எடுத்துச் சென்று, காசும் துளஸியும் இட்டு வீட்டில் வைத்துப் பூஜித்து, எண்ணியது ஈடேறியபின் மறு ஆண்டு கொண்டுவந்து ஏற்றுவது இவ்வூர் நேர்த்தி. அத்தனை முகங்களில் அந்த ஒரு முகத்தை அடியேனால் கண்டுபிடிக்க இயலவில்லை. அடுத்த ஆண்டு வந்தேன். அதற்கு அடுத்த ஆண்டும் வந்தேன். காணவில்லை.

அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன். அம்மா, உச்சி நிலையில் எம்பெருமான் வீற்றிருந்த திருக்கோலத்தில், எழுந்திருக்கும் அவசரமே இல்லாதவனாக இருக்கிறான். நீ வருமளவும் காத்திருப்பவன் போல இருக்கிறான். படிகள் குறுகலானவை, உள்ளே காற்று மட்டு, விளக்கொளியும் கொஞ்சந்தான். ஆனால் கண் பழகிவிட்டால் திருமுகம் தெளிவாகத் தெரிகிறது. அங்கே அவன் தரும் சேவையையே, நீ அமர்ந்திருந்த இடத்தில் ஆடும் கண்ணனாகவும் தந்துகொண்டிருக்கிறான். ஏற முடியாதவர்க்காக அன்றோ அவன் கீழே இறங்கி வந்து ஆடுகிறான்!

ஆகவே, விழாவுக்கு வந்திருக்கும் அடியார்களிடம் அடியேன் வேண்டுவது இதுவே. திருப்பத்தூரைக் காணுங்கள், மகிபாலன்பட்டியைக் காணுங்கள், பிள்ளையார்பட்டியையும் திருமெய்யத்தையும் காணுங்கள். ஒரு நாளில் முடியாவிடில் இரண்டு நாள் தங்கிக் காணுங்கள். அதுவும் முடியாவிடில் ஓர் இடத்தை விட்டுவிடுங்கள். ஆனால் மேலே ஏறி ஸேவித்து இறங்கும்போது, கீழே யாராவது அமர்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். முழங்கால் நொந்தவர், கண் மங்கியவர், கைக்குழந்தையை விட்டு ஏற முடியாத தாய் எவரேனும் இருப்பர். அவர்கள் கேட்குமுன் அருகில் அமர்ந்து, கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். ஊர் திரும்பியபின், வர இயலாமல் வீட்டிலிருக்கும் ஒருவருக்கேனும் சொல்லுங்கள். வண்டி சற்று நேரம் நிற்கட்டும்.

பதினெட்டு முறை நடந்து பெற்றதை ஒரு நாள்கூடத் தமக்கென்று வைத்துக்கொள்ளாதவருடைய கோஷ்டியில் நாம் சேர்ந்திருக்கிறோம். ஸௌம்யநாராயணன் தெப்பத்தில் உலா வரும் இந்நன்னாளில், விளக்கேற்றும் அன்னையர் எல்லாருடைய மனோரதமும் நிறைவேற வேண்டும் என்று பிரார்த்திக்கிறேன். முந்தானையில் அகலைப் பொதிந்து வைத்திருந்த அந்த மூதாட்டியை உங்களில் எவரேனும் காண நேர்ந்தால், அடியேனுக்காக அவளிடம் க்ஷமை வேண்டிக்கொள்ளுங்கள்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.